கத்தாத வீடு

அந்த வீட்டில் புதிதாகக் கால் வைப்பவர்கள் ஒரு முறையாவது கத்தியாக வேண்டும். காஸ் சிலிண்டர் தூக்கி வந்தவர், குழாய் சரிசெய்ய வந்தவர், வீட்டுச் சொந்தக்காரரின் மச்சினர் என்று யாரும் தப்பியதில்லை. வீட்டின் மூத்த மகன் அதை ஒரு வரவேற்பு மாதிரி, தன் பொறுப்பில் எடுத்துச் செய்துவந்தான்.

பெரியவன் என்றுதான் வீட்டிலும் தெருவிலும் அவனைச் சொல்வார்கள். தெருமுனையில் ஃபேன், மிக்ஸி, வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். அவன் தொழில் கற்ற பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வேலைக்குப் புதிதாகச் சேருபவனிடம், மின்சாரம் ஏற்றிவைத்த ஃபேன் கண்டென்சரை "இந்தா, பிடி" என்று தூக்கிப் போடுவார்கள். பிடித்தவன் அலறிக்கொண்டு துள்ளுவான். மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு அவனுக்கு டீ வாங்கிக் கொடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் அவன் பட்டறை ஆள். பெரியவனும் அப்படித்தான் ஆள் ஆனான். ஷாக் கொடுப்பது என்றால் சேர்த்துக்கொள்வது என்று அன்றைக்கே அவன் மண்டையில் ஏறிவிட்டது, பிறகு இறங்கவில்லை.

வீட்டுக்கும் பட்டறைக்கும் அவன் வித்தியாசம் பார்க்கவில்லை. கொசு பேட்டின் உள்ளே இருந்த சங்கதிகள் சோப்பு டப்பாவுக்குள் குடியேறின. லைட்டரில் சொடுக்குகிற பாகம் பேனாவுக்குள் போனது. எதைத் தொட்டால் சுர்ரென்று வரும் என்று யாருக்கும் தெரியாது. கத்தியவர் அவுட். அவுட் ஆனவர்தான் அன்றைக்கு எல்லாப் பாத்திரத்தையும் கழுவ வேண்டும். இதில் ஒரு வசதி, பெரியவன் மட்டும் அவுட் ஆனதே இல்லை. ஷாக் கொடுக்கிறவன் அவன்தானே, அவன் எப்படி ஆவான்.

யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாததற்குக் காரணம், அவன் தங்கமான மனிதன். கெட்டவனாக இருந்திருந்தால் என்றைக்கோ நாலு பேர் கூடிக் கையை முறித்திருப்பார்கள். அப்பாவும் அம்மாவும் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட, தம்பியைப் படிக்கவைத்து, வேலை வாங்கிக் கொடுத்து, கல்யாணமும் செய்துவைத்தவன். தெருவில் யார் வீட்டில் ஃபேன் நின்றாலும் சாப்பாட்டுக் கையைக் கழுவிக்கொண்டு ஓடுவான். பாசமும் ஷாக்கும் அவனிடம் ஒரே பையில் இருந்தன, ஒன்றைக் கேட்டால் இன்னொன்றும் சேர்ந்து வரும்.

தம்பியின் மனைவியாகச் சின்னவள் அந்த வீட்டுக்கு வந்த அன்று, பெரியவன் டி.வி. ரிமோட்டை மரியாதையாக நீட்டினான். "உனக்குப் பிடிச்சதைப் போட்டுப் பாரும்மா. இனிமே இது உன் வீடு." அவள் வாங்கினாள். கத்தினாள். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடுகிற அளவுக்குக் கத்தினாள். கையிலிருந்த டீ டம்ளர் கூடம் முழுக்க உருண்டது. எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அவள் புருஷனும் சிரித்தான், அதுதான் அவளுக்கு உறைத்தது. அவளும் சிரித்து வைத்தாள். பிறகு பாத்திரம் கழுவப் போனாள்.

அவள் பார்த்த வேலையைச் சொன்னால் அவளுக்கு ஏன் இது விளையாட்டாகத் தெரியவில்லை என்று புரியும். மின்வாரியத்தின் புகார்ப் பிரிவில், காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்து நாள் முழுக்கப் பதில் சொல்கிற வேலை. கரண்ட் இல்லை என்று திட்டுகிறவர்கள்தான் பாதிப் பேர். மீதிப் பேர் தயங்கித் தயங்கிப் பேசுவார்கள். "ஒண்ணுமில்லங்க, ஃப்ரிட்ஜைத் தொட்டா லேசா சுர்ருங்குது. சும்மா கேட்டுக்கலாம்னு போட்டேன்." அவள் மனப்பாடமாகச் சொல்வாள். "தொடாதீங்க. முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க. ஈரத் தரையில நிக்காதீங்க. வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லுங்க. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்த பிறகுதான் போடணும்." "லேசாத்தாங்க இருக்கு" என்பார்கள். "லேசா இருக்கும்போதே பார்த்துடணும்ங்க" என்பாள். லேசாக இருந்தபோது பார்க்காதவர்களின் வீட்டிலிருந்தும் அவளுக்கு அழைப்புகள் வந்ததுண்டு. அந்தக் குரல்களை அவள் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

முதல் வாரமே அவள் புருஷனிடம் பேச்செடுத்தாள்.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லி இதை நிறுத்தச் சொல்லுங்களேன்."

"அதுல ஒண்ணும் ஆகாது. பேட்டரி ஷாக்குதான். உன்னைப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம்."

"பிடிச்சிருந்தா வாயால சொல்லலாமே."

"அவர் அப்படித்தான். சொன்னா மனசு சங்கடப்படுவார். வந்து நாலு நாள் ஆகல, வீட்டுச் சிரிப்பை நிறுத்திட்டான்னு உன்னைத்தான் சொல்வாங்க." சின்னவன் அதோடு போர்வையை இழுத்துக்கொண்டான். அண்ணன் விஷயத்தில் அவனுக்கு முதுகெலும்பு கொஞ்சம் கம்மி.

பெரியவனின் மனைவியைக் கேட்டாள். பெரியவள் கீரைக்கட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள். "நான் கத்தறதை விட்டு ரொம்ப நாளாச்சு. கத்தினாத்தானே அவருக்கு ருசி. பல்லைக் கடிச்சிட்டு ஒண்ணும் நடக்காத மாதிரி போயிடுவேன். மூஞ்சி தொங்கிடும். அப்புறம் நாலு நாள் என் பக்கம் வரமாட்டார்."

"வலிக்காதாக்கா?"

"வலிக்கும். அதுக்காக அவர்கிட்ட காட்டிக்கணுமா?"

இந்த வீட்டில் பெரியவளும் சின்னவளும் போக இன்னொரு ஆளும் உண்டு. பெரியவனின் மகள், இரண்டாம் வகுப்பு. வாண்டு என்று கூப்பிடுவார்கள். அப்பாவைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிற குழந்தை. ஆனால் சின்னவள் ஒன்றைக் கவனித்தாள். வாண்டு கதவுக் கைப்பிடியைக் கையால் தொடுவதில்லை, முழங்கையால் ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிடிப்பாள். பேனாவை யாராவது நீட்டினால் கீழே வைக்கச் சொல்லி, பிறகு எடுப்பாள். ஒரு நாள் சின்னவள் சீப்பை நீட்டியபோதும் அப்படித்தான் செய்தாள். "நான் அப்பா இல்லடா" என்றாள் சின்னவள். "தெரியும் சித்தி" என்றது குழந்தை. தெரிந்தும் சீப்பை வாங்கவில்லை.

அன்றைக்கு அவள் மனதில் ஒன்று முடிவானது. இந்த ஆட்டம் நிற்க வேண்டும். குழந்தைக்கு ஏதாவது ஆவதற்குள் நிற்க வேண்டும். ஆனால் யாரும் யாரோடும் சண்டை போடாமல், புதிதாக வந்தவள் வீட்டைக் கெடுத்தாள் என்ற பேர் வராமல் நிற்க வேண்டும். அதற்குப் பெரியவளின் வழியைவிட நல்ல வழி அவளுக்குத் தோன்றவில்லை. யாருமே கத்தாவிட்டால் அவன் யாரைப் பார்த்துச் சிரிப்பான்.

வாண்டுவுக்குப் பயிற்சி தொடங்கியது. பள்ளி விட்டு வந்ததும் இருவரும் சமையலறையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு ஐஸ் கட்டியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்வார்கள். கையைத் திறந்தாலோ சத்தம் போட்டாலோ தோல்வி. முதலில் வாண்டு உடனே திறந்துவிடுவாள். போகப் போக, கண்ணை இறுக்கி மூடி, கீழ் உதட்டைப் பல்லால் கவ்வி, தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டும்வரை உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொண்டாள்.

"இப்படி இருந்தா அப்பா விட்டுருவாரா சித்தி?"

"நீ கத்தாம இருந்துட்டே இரு. தானா விட்டுருவார்."

திட்டம் பலித்தது. பேனா ஷாக்குக்கு வாண்டு உதட்டைக் கடித்துக்கொண்டு "தேங்க்ஸ்பா" என்றாள். சோப்பு டப்பாவைத் தொட்ட சின்னவள், "மாமா, இதுல சோப்பு தீர்ந்துடுச்சு போலிருக்கே" என்று சாதாரணமாகக் கேட்டாள். பெரியவன் கடைக்குப் போகும்போது முகம் தொங்கிப் போயிருந்தது. "என்ன வீடோ, உப்புச் சப்பில்லாமப் போச்சு" என்று தம்பியிடம் குறைப்பட்டான். சின்னவளும் பெரியவளும் அடுப்படியில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அந்த வீட்டுக்கு வந்தபிறகு சின்னவள் மனதாரச் சிரித்தது அப்போதுதான்.

இதற்கிடையே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊருக்கெல்லாம் மெஷின் பார்க்கிறவனின் வீட்டு மெஷினை யார் பார்ப்பது. மழைக்காலத்தில் அந்த வீட்டில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது. எங்கேயோ கரண்ட் கசிகிறது, கவனி என்று அது தன்னால் ஆன பாஷையில் சொல்லிப் பார்த்தது. மேட்ச் பார்க்கும்போது மூன்றாவது முறை விழவும் பெரியவனுக்குக் கோபம் வந்து, அதைக் கழற்றிவிட்டு ஒயரை நேராக இழுத்துவிட்டான். நாளைக்குச் சரிசெய்யலாம் என்றான். நாளைக்கு வேறு வீட்டில் ஃபேன் நின்றது. கூடத்துக்குள் சோஃபா வந்தபோது வாஷிங் மெஷின் பின்கட்டுக்கு, குழாயடிக்குப் பக்கத்தில் போனது. அங்கே ப்ளக் இல்லை. இரண்டு ஒயர் மட்டும் ஓடுகிற பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வந்தது. மெஷினின் ப்ளக்கில், கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த்துக்கான மூன்றாவது பின் தடியாக இருந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. இதெல்லாம் பெண்கள் இருவருக்கும் தெரியாது. சின்னவனுக்குத் தெரியும், அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டான்.

மெஷின் சுற்றும்போதெல்லாம் அதிர்ந்து, பின்பக்கச் சுவரோரம் இருந்த கூர்மையான தகட்டில் ஒயர் உரசிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் தோல் தேய்ந்து, உள்ளே இருந்த கம்பி மெஷினின் இரும்பு உடம்பைத் தொட்டது.

முதலில் தெரிந்துகொண்டவள் பெரியவள். ரப்பர் செருப்போடு துணி போட்டால் ஒன்றும் இல்லை. செருப்பில்லாமல் ஈரத்தில் நின்று மூடியைத் திறந்தபோது கையில் சுர்ரென்றது. ஓஹோ, மெஷினுக்கே வந்துட்டாரா என்று நினைத்தாள். எங்கேயாவது கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார் என்று முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு துணியைப் போட்டு மூடினாள். பார்க்க யாருமே இல்லை. இருந்தாலும் ஜெயித்துவிட்ட திருப்தியோடு உள்ளே போனாள்.

சின்னவளுக்கு மறுநாள். துணி எடுக்கும்போது முழங்கை பட்டது, தோள்வரை ஏறியது. பேனாவைவிடப் பலமாக இருந்தது. நாங்கள் கத்துவதில்லை என்றதும் மனுஷன் வேகத்தைக் கூட்டிவிட்டான் என்று அவளுக்குப் பட்டது. கூட்டட்டும், பார்க்கலாம். அவள் ஒரு பாட்டை முணுமுணுத்தபடி துணியை உதறிக் கொடியில் போட்டாள். அன்று காலையில்தான் அலுவலகத்தில் யாரோ ஒரு பெண்மணியிடம், தொடாதீங்க, மெயினை ஆஃப் பண்ணுங்க, வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லுங்க என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அந்த வாக்கியம் அவள் வாயில்தான் இருந்தது, காதில் ஏறவில்லை. ஏறியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சின்னவனுக்கும் ஒரு முறை பட்டது. கையை உதறினான், "அண்ணனுக்கு வேற வேலையில்ல" என்று முனகினான், குளிக்கப் போனான்.

விடுமுறை நாள் காலை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவன் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். வாண்டு படம் வரைந்துவிட்டு, பிரஷ்ஷைக் கழுவப் பின்கட்டுக் குழாயடிக்குப் போயிருந்தாள். சின்னவள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"வாண்டு, வரும்போது சோப்புத் தூளை எடுத்துட்டு வாடா."

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். பின்கட்டு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தது. ஒரு கை குழாயில், மறு கை மெஷினில். காலடியில் பிரஷ் கிடந்தது, சிவப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முகம் பாதி தெரிந்தது. கண் இறுகி மூடியிருந்தது, பல் கடித்திருந்தது.

சின்னவளுக்கு அந்த முகம் நன்றாகத் தெரிந்த முகம். சமர்த்து, தாங்கிக்கொள்கிறாள் என்றுதான் முதலில் அவளுக்குத் தோன்றியது. ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தை அவளால் பிற்பாடு எங்கேயும் கொண்டுபோய் வைக்க முடியவில்லை. அடுத்து, குழந்தையின் குதிகால் தரையில் படபடவென்று அடித்துக்கொள்வதைப் பார்த்தாள்.

அவள் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. பெரியவன் செய்தித்தாளை எறிந்துவிட்டு ஓடி வந்தான், குழந்தையைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தான்.

"தொடாதீங்க மாமா. தொட்டா நீங்களும் போயிடுவீங்க. மெயினு, மெயினு."

சொல்லிக்கொண்டே அவள் வாசலுக்கு ஓடினாள். மெயின் சுவிட்சை இழுத்துக் கீழே தள்ளினாள். ஃபேன் நின்றது, மெஷின் ஓய்ந்தது. பின்கட்டில் ஏதோ தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது.

பெரியவன் மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவில் ஓடினான். காலில் செருப்பில்லை. மூச்சு இருந்தது. அதை மட்டும் பெரியவள் வழி முழுக்க, ஆட்டோவில் உட்கார்ந்தபோதும், திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தாள். "மூச்சு இருக்கு. மூச்சு இருக்குல்ல. இருக்கு."

மருத்துவமனையில் குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, திரையில் இதயம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னவனும் வந்து சேர்ந்துவிட, நால்வரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏறி இறங்கியபிறகு டாக்டரம்மா வெளியே வந்தார். கொஞ்சம் வயதானவர், களைத்த முகம்.

"பிழைச்சுட்டா. உள்ளங்கை ரெண்டும் வெந்திருக்கு, ஆறிடும். இதயம் இப்போ ஒழுங்கா ஓடுது, ஆனா ராத்திரி முழுக்கப் பார்த்துட்டுத்தான் அனுப்புவேன். ஒரு கையில ஏறி நெஞ்சு வழியா மறு கையில இறங்கியிருக்கு. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா நான் உங்ககிட்ட வேற மாதிரிப் பேச வேண்டியிருந்திருக்கும்."

பெரியவள் அழத் தொடங்கினாள். டாக்டரம்மா கையிலிருந்த அட்டையைப் பார்த்தபடி, வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி அந்த மெஷின்ல யாருக்காவது ஷாக் அடிச்சிருக்கா?"

பெரியவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையசைத்தாள். "எனக்கு. நாலஞ்சு நாள் முன்னாடி."

"எனக்கும்" என்றான் சின்னவன்.

"எனக்கும்" என்றாள் சின்னவள்.

டாக்டரம்மா மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே வீட்டுலதானே இருக்கீங்க. ஒருத்தர்கூட ஒருத்தர்கிட்ட சொல்லலையா?"

என்ன பதில் சொல்வது. அது நிஜம் என்று தெரியாது டாக்டர், விளையாட்டு என்று நினைத்தோம் என்றா. சொன்னால் தோற்றுப்போவோம் என்று சொல்லவில்லை என்றா. நிலைமை தெரிந்தவர்களுக்கே விளக்க முடியாததை வெளி ஆளுக்கு எப்படி விளக்குவது. டாக்டரம்மா காத்திருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பெரியவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவன் பேசியபோது குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

"எனக்கும் அடிச்சுது."

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"முந்தாநாள் காலைல. மெஷின் மேல கை வெச்சேன், நல்லாவே அடிச்சுது. சின்னவ பழி வாங்கறான்னு நெனச்சேன்." அவன் சின்னவளைப் பார்க்கவில்லை. "சந்தோஷமா இருந்துச்சும்மா. கடைசில நம்ம வீட்டு ஆளாயிட்டான்னு சந்தோஷமா இருந்துச்சு. எங்க ஒயர் வெச்சிருக்கான்னு தேடக்கூட இல்ல. தேடினா நான் மாட்டினது தெரிஞ்சிடுமேன்னு, சிரிச்சுக்கிட்டே கடைக்குப் போயிட்டேன்."

செருப்பில்லாத தன் காலைப் பார்த்தபடி மறுபடி சொன்னான். "எக்ஸ்டென்ஷன் பாக்ஸுல எர்த் இல்லன்னு எனக்குத் தெரியும். ட்ரிப் சுவிட்சைத் தூக்கினவனே நான்தான். அடிச்ச உடனே திரும்பிப் பார்த்திருந்தா பத்து நிமிஷ வேலை. யார் வீட்டுக்கோ போய்ப் பார்க்கறேன். என் வீட்டுல, என் தொழில்ல, என் கையில அடிச்சிருக்கு. நான் சிரிச்சிருக்கேன்."

சின்னவன் அண்ணனின் தோளில் கை வைத்தான். சின்னவளுக்கு அவன்மீது கோபம் கொழுந்துவிட்டு எரிய வேண்டிய நேரம் அது. எரியத்தான் எரிந்தது. ஆனால் அந்தக் கோபத்தை அவன் ஒருவன்மீது மட்டும் போட்டுவிட அவளால் முடியவில்லை. அவள் இன்னும் யாரிடமும் சொல்லாத ஒன்று மிச்சம் இருந்தது.

சாயங்காலம் ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றார்கள். வாண்டு சித்தியைத்தான் முதலில் கேட்டாளாம். இரண்டு கையும் வெள்ளைத் துணிக் கட்டோடு படுக்கையில் இருந்தாள். நாக்கு கொஞ்சம் கடிபட்டிருந்ததால் பேச்சு குழறியது. சித்தியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பரீட்சை நல்லபடியாக எழுதிவிட்டு வந்த முகம்.

"நான் கத்தவே இல்ல சித்தி."

சின்னவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"முந்தாநாளும் சுர்ருன்னுச்சு. நேத்திக்கும். நீங்க சொன்ன மாதிரியே கண்ணை மூடிக்கிட்டேன். யாருக்கும் தெரியல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். "இன்னிக்கு ரொம்ப வலிச்சுது. அப்பவும் கத்தல. சரியா செஞ்சேன்ல?"

இன்றைக்குக் கத்த நினைத்திருந்தாலும் அவளால் கத்தியிருக்க முடியாது. கரண்ட் பிடித்துக்கொண்டால் தொண்டைகூட நம் பேச்சைக் கேட்காது. அது சின்னவளுக்குத் தெரியும். ஆனால் முந்தாநாள் கத்தியிருக்கலாம். நேற்று கத்தியிருக்கலாம். முந்தாநாள் இந்தக் குழந்தை ஒரே ஒரு முறை வீல் என்று கத்தியிருந்தால், எல்லோரும் ஓடி வந்திருப்பார்கள், நான் வைக்கலையே என்று பெரியவன் சொல்லியிருப்பான், நானும் வைக்கலையே என்று அவள் சொல்லியிருப்பாள். அதோடு முடிந்திருக்கும். ஊரில் எல்லோரையும் சொல்லச் சொல்கிறவள், தன் வீட்டுக் குழந்தைக்குச் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். அதுவும் அன்பாக, பக்கத்தில் உட்காரவைத்து, ஐஸ் கட்டி கொடுத்து.

"தப்புடா கண்ணு. சித்தி சொன்னது தப்பு. வலிச்சா கத்தணும். லேசா வலிச்சாலும் கத்தணும்" என்றாள். வாண்டு புரியாமல் பார்த்தாள். நேற்றுவரை ஜெயம் என்று சொன்னதை இன்றைக்குத் தப்பு என்றால் எந்தக் குழந்தைக்குத்தான் புரியும்.

வெளியே வந்து சின்னவள் நேராகப் பெரியவன் முன் நின்றாள். பூசி மெழுக அவளுக்கு மனமில்லை.

"மாமா, கத்தாதேன்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்தது நான். உங்க ஆட்டத்தை நிறுத்த வேற வழி தெரியல. மூணு நாளா அவளுக்கும் அடிச்சிருக்கு. நான் சொன்னேன்னுதான் வாயை மூடிட்டு இருந்திருக்கா."

பெரியவன் திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"என்கிட்ட வந்து நேரா சொல்லியிருக்கலாமே" என்றான் கடைசியில்.

"சொன்னா நிறுத்தியிருப்பீங்களா?"

அவன் வாயைத் திறந்தான். நிறுத்தியிருப்பேன் என்று சொல்ல வந்தவன், சொல்லவில்லை. "சிரிச்சிருப்பேன்" என்றான்.

பிறகு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மகளைப் பார்க்க உள்ளே போனான். சின்னவளையும் கூட வரச் சொன்னான். தனியாகப் போக அவனுக்குத் தைரியம் வரவில்லை.

வாண்டு அப்பாவைப் பார்த்ததும் சிரித்தாள். அவன் கட்டிலருகே போய் நின்றான். குழந்தையின் நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. அதை ஒதுக்கிவிடலாம் என்று மெல்லக் கையை நீட்டினான்.

வாண்டுவின் சிரிப்பு நின்றது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கீழ் உதட்டைப் பல்லால் கவ்விக்கொண்டாள். கட்டுப் போட்ட கைகள் இரண்டும் போர்வைமேல் விறைத்தன. தலையணையில் தலையை அழுத்தி, வரப்போவதற்குத் தயாராகக் காத்திருந்தாள்.

அவன் கை அந்தரத்தில் நின்றது.

"அப்பா கையில ஒண்ணும் இல்லம்மா" என்றான். "வெறும் கை. பாரு."

இதற்கு முன்னாலும் எத்தனையோ முறை அவன் இதே வார்த்தையைச் சொல்லி, அவள் நம்பித் தொட்டதும் கைகொட்டிச் சிரித்திருக்கிறான். இப்போது அவன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டிக்கொண்டு அழுதான். ஆனால் அவள் பார்க்கவில்லை. கண்ணைத் திறக்காமலே, சத்தம் வராமல் பல்லைக் கடித்தபடி, அப்பா தொட்டு முடிக்கட்டும் என்று பொறுமையாகப் படுத்திருந்தாள்.